ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள்



மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், மக்கள் தங்கள் பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அவர்களை அதட்டுகிறார்கள். சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். சற்று முன்புதான் மணவிலக்கைப் பற்றிப் பெரியவர்களுக்கான கனத்த பேச்சு நடந்திருக்கிறது. அதற்கிடையில் குழந்தைகள் இடைஞ்சல் என்று நினைத்துவிட்டார்கள். இயேசுவுக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளை அணைத்து, அவர்கள்மேல் கைவைத்து ஆசி வழங்குகிறார்.

இந்தப் பகுதியை இன்று வீடியோ கேம் விளையாடும் பெற்றோருக்காக எடுத்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திருப்பலிக்கு வருகிறவர்களில் பலர், பிளேஸ்டேஷனோடும், பள்ளி விட்டதும் சைபர் கஃபேயில் கவுண்டர் ஸ்ட்ரைக்கோடும் வளர்ந்தவர்கள். கல்யாணமானதும் அந்த ஆசை போய்விடவில்லை. போகத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. உடல் களைப்பதுபோல் மனமும் களைக்கும், விளையாட்டு அதற்கு இளைப்பாறுதல் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். அளவான விளையாட்டை அவர் நற்பண்பாகவே கண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: அது ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

நம் ஜொகூர் பாரு வீடுகளில் இதைப் பொருத்திப் பார்ப்போம். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்து, குடிநுழைவு வரிசையில் நின்று, இருட்டிய பிறகு வீடு சேரும் தகப்பன் அரை மணி நேரம் ஆடினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அவருடைய இரண்டு வயது மகள் அன்று முழுவதும் அவரைப் பார்க்கவில்லை. அவள் தூங்கப் போகுமுன் மிஞ்சியிருப்பதும் அதே அரை மணி நேரம்தான். அந்த நேரம் யாருக்கு?

பழைய ஆட்டங்களில் பலவற்றை நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம். மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற இணைய ஆட்டங்களில் அது முடியாது. ஐந்து பேர் கொண்ட அணி. நடுவில் விலகினால் அணி தடுமாறும், விலகியவருக்குத் தண்டனையும் உண்டு. அதனால்தான் “இதோ முடிஞ்சிடும்பா” என்கிறோம். முகம் தெரியாத நான்கு பேரைக் கைவிட நமக்கு மனம் வருவதில்லை. காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல மட்டும் மனம் வருகிறது. சில வேளை பிள்ளையின் கையிலும் ஒரு போனைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு அறவே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

2025 செப்டம்பர் 7ஆம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸை நினைத்துப் பாருங்கள். கணினியில் கெட்டிக்காரர், பிளேஸ்டேஷன் ஆடியவர், 2006இல் 15 வயதில் இறந்தவர். ஆட்டத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டார். ஆட்டத்தை அவர் வெறுக்கவில்லை. தன்னை ஆள அதை விடவில்லை. ஒரு சிறுவனால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஆகவே சில காரியங்களைச் செய்யுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது, நடுவில் நிறுத்த முடியாத ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். ஆடும் நேரத்தைக் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் ஆட, மற்றவர் மட்டும் பால் புட்டி கழுவிக்கொண்டிருப்பது நியாயமல்ல. அவருக்கும் ஓய்வு நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை வளர்ந்ததும், அவன் வயதுக்கேற்ற ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடுங்கள், தோற்கவும் கற்றுக்கொடுங்கள்.

இதற்கு இப்போது நேரமும் இருக்கிறது. 2014 முதல் நம் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. ஞாயிறு காலையில் பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோரில் பலர் வேலைக்கும் போனார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாகிவிட்டது. திருப்பலி முடிந்த பிறகு மிஞ்சும் அந்த நாளை முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள், குற்ற உணர்வில்லாமல் ஆடுங்கள்.

பிள்ளைகளை அணைத்துக்கொண்ட ஆண்டவர், நம் பிள்ளைகள் கூப்பிடும்போது எழுந்துபோகும் மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.