தரமறிந்து கற்பித்தல்

மாணாக்கர் ஒவ்வொருவருடைய ஆற்றலையும் நோக்கித் தனித்தனியே கற்பித்தல் வேண்டும் என்பது இக்காலக் கல்வியாளர் பலர் எடுத்தோதும் புதுக்கொள்கை. கணினியுங் கைப்பேசியும் அதற்குக் கருவியாம். பிள்ளை கூறும் விடையை ஆராய்ந்து அடுத்த வினாவை இயந்திரமே தெரிந்து கொடுக்குமாம். பலரை ஒருங்கிருத்திக் கற்பிக்கும் வகுப்பு முறை பழையது, கழியத்தக்கது என்பர். நம்மவர்க்குப் பழையது யாதென ஆராயின் இக்கூற்றுப் பொருந்தாமை விளங்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் மணலில் அரிச்சுவடி எழுத, மற்றொருவன் எண்சுவடி ஒப்பிக்க, வேறொருவன் நிகண்டு பாடஞ்செய்வான். ஆண்டுதோறும் வகுப்பேறுதல் அங்கில்லை. ஒரு சுவடி முடித்தவன் அடுத்ததைத் தொடுவான். மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தவந்த அந்திரு பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதும் நம் வழக்கைக் கண்டு கைக்கொண்டு, சிறுவரைக்கொண்டே சிறுவர்க்குக் கற்பித்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். நம் சரக்கு மேனாட்டு முத்திரையோடு நம்மிடமே மீள்வது புதிதன்று.

அற்றேல் வகுப்பை விடுத்துத் திண்ணைக்கு மீள்வோமெனின், அதுவும் ஆகாது. திண்ணையில் இடம் எல்லார்க்கும் வாய்த்திலது. பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் புறத்தே நின்றனர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கும்படி 1929, 1930ஆம் ஆண்டுகளில் எழுந்த முயற்சியை நம் சமயத்தாருட் பலர் எதிர்த்தமை மறைக்கத்தக்கதன்று. எல்லாரையும் ஒரே வாங்கில் இருத்தியது வகுப்பே. ஆதலின் ஆசிரியர் தம் பொழுதை எப்பிள்ளைக்கு எவ்வளவு பகிர்ந்தளித்தல் நீதியாகும் என்பதே நாம் ஆராயவேண்டுவது.

வன்னிநாட்டில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் உட்கிராமங்களிற் சிறு பாடசாலைகள் பல. ஓராசிரியரே இரண்டு மூன்று தரங்களை ஒரு கொட்டகையில் வைத்துக் கற்பிக்க நேர்வதுண்டு. 2008, 2009ஆம் ஆண்டுப் போரில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, மரநிழலிலும் பின்னர்ச் செட்டிகுளத்து முகாம்களிலும் பயின்ற பிள்ளைகள், மீண்டபோது வயதுக்குரிய வகுப்பில் அமர்த்தப்பட்டனர். இடாப்பிலே ஐந்தாந் தரம். சிலர்க்கு எழுத்தறிவோ இரண்டாந் தரம். 2020இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கைப்பேசி வழியே பாடம் அனுப்பப்பட்டபோது, அது கருவியுடைய வீட்டுக்கே சென்றது.

இனி, நம் பாடசாலைகளில் தனிக்கவனம் இல்லையென்பதும் பிழை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குங்கால், சித்தியெய்துவர் என்று நம்பப்படும் நால்வர் முன்வாங்குக்கு வருவர். மாலை வகுப்பும் அவர்க்கே. எஞ்சியோர் சத்தமின்றி இருந்தாற் போதும். நன்னூலார் ஆசிரியராகாதார்க்குக் கூறிய உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. நீர் வார்த்தவன் ஒருவன். மரம் வளைந்து காய் வீழ்வது அயலான் வளவில். ஊரார் எல்லாருங் கூடிச் சிரமதானஞ் செய்து வேலியடைத்த பாடசாலையின் பயன் நால்வர்க்கே போகுமாயின், அவ்வுவமை யாரைச் சுட்டும் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

மாணாக்கரையும் அந்நூல் அன்னம், பசு முதலாக எருமை, நெய்யரி ஈறாகப் பகுத்தது. இப்பகுப்பைப் பிள்ளையின் தலையெழுத்தாகக் கொண்டு, 'இவன் எருமை' என்று முதற்றவணையிலேயே தீர்த்துவிடும் ஆசிரியரும் உளர். சித்தாந்தங் கற்றார் அவ்வாறு கொள்ளுதல் கூடாது. சத்திநிபாதம் மந்ததரம் முதலாகத் தீவிரதரம் ஈறாக நால்வகைப்படும் என்பது நம் சாத்திரம். ஆயினும் அவ்வகைகள் மலபரிபாகத்தின் அளவைக் குறித்தனவேயன்றி, இன்ன ஆன்மா என்றும் பக்குவப்படாது என்று ஒன்றனையும் விலக்கில. பிள்ளையின் தரமும் அத்தகையதே. இன்றைய காய் நாளைக் கனியும். எளிய வினாக்களிலேயே ஒரு பிள்ளையை ஆண்டுமுழுதும் நிறுத்திவைக்கும் இயந்திரம் இருக்குமாயின், அதுவும் தலையெழுத்தெழுதும் ஆசிரியர்க்கு இனமானதே.

நாம் வேண்டுவது பெரிதன்று. கதைகேட்டலும் பண்ணோடு பாடுதலும் எல்லார்க்கும் ஒருங்கே நிகழ்க. எழுத்தும் எண்ணும் பயிலும் பொழுதில், பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் முதலில் அமர்க. விரைந்தவன் சட்டாம்பிள்ளையாகித் தம்பி தங்கையர்க்குச் சொல்லிக்கொடுக்க. தன் பிள்ளையின் படிப்புக் கெடுகின்றதென்று பெற்றோர் முறையிடுவர். சொல்லிக்கொடுப்பவன் தானும் தெளிவடைவான் என்பது உண்மையே. எனினும் பரீட்சையில் இரண்டொரு புள்ளி குறையவுங் கூடும். அதனை மறையாது முதற்றவணைப் பெற்றார் கூட்டத்திலேயே சொல்லிவிடுதல் நன்று.