உண்ண மறுக்கும் உயிரும் நமது பொறுப்பும்

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இல்லத்திற்கு முன்பின் அறியாத விருந்தினர் சிலர் வந்தனர். ஸலாம் உரைத்தனர். பதில் ஸலாம் சொன்ன அந்த நபி, தாமதியாமல் கன்று ஒன்றைப் பொரித்துக் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்தார்கள். ஆனால், விருந்தினரின் கைகள் உணவின் பக்கம் நீளவில்லை. அதைக் கண்டதும் இப்ராஹீம் நபியின் உள்ளத்தில் அச்சம் புகுந்தது என்று திருமறையின் ஹூது அத்தியாயம் எடுத்துரைக்கிறது. வந்தவர்கள் மலக்குகள் என்பதும், அவர்களுக்கு உணவே தேவையில்லை என்பதும் பிறகுதான் தெரிய வந்தன.

வைத்த உணவு வைத்தபடியே இருந்தால் நல்ல உள்ளம் கலங்கத்தான் செய்யும். அப்படிக் கலங்கிய ஒரு குடும்பத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழ் முஸ்லிம் சகோதரர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பதினாறு வயது மகன், பள்ளித் தோழனிடமிருந்து ஒரு பாம்பை வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறானாம். விஷமற்ற, சிறிய மலைப்பாம்பு வகை. ஐந்து வாரங்களாக அது எதையும் தின்னவில்லை. "கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வா" என்கிறார் வாப்பா. "வாயில்லா ஜீவன், அதன் பாவம் நம்மைச் சேரும்" என்று கலங்குகிறார் உம்மா. மகனோ அழுகிறான். "நாங்கள் இரை வைக்கிறோம், அது தின்ன மறுக்கிறது. செத்துப்போனால் அல்லாஹ்விடம் நாங்கள் குற்றவாளிகளா?" என்பது அவர்கள் கேள்வி.

பாம்புக்குமா மார்க்கத்தில் கேள்வி என்று யாரும் நகைக்க வேண்டாம். பூனைக்கும் ஒட்டகத்துக்கும் கேள்வி உண்டென்றால் பாம்புக்கு மட்டும் எப்படி இல்லாமற்போகும்?

வளர்க்கலாமா?

முதலில் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அபூ உமைர் என்ற சிறுவர் சின்னஞ்சிறு குருவி ஒன்றை வைத்திருந்தார். அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு அவரிடம் அதைப் பற்றி விசாரித்தார்கள். இதைக்கொண்டு பறவை வளர்க்கலாம் என்று இமாம்கள் சட்டம் எடுத்துள்ளனர். பாம்பின் நிலை அவ்வாறன்று. தீங்கு செய்வதால் கொல்லும்படிச் சொல்லப்பட்ட பிராணிகளை வளர்ப்பது கூடாது என்பது ஷாஃபிஈ நூல்களின் தீர்ப்பு. மருந்து போன்ற பயனுக்காக இருந்தால் பாம்பை விற்கலாம் என்று ஹனஃபி நூல்கள் பேசுகின்றன. அதிலும் வேடிக்கைக்கு வளர்ப்பது பயனாகக் காட்டப்படவில்லை. நமது இந்தியாவிலோ, காட்டிலிருந்து மலைப்பாம்பையும் நல்ல பாம்பையும் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே அந்தப் பிள்ளை அதை வாங்காமல் இருந்திருக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

ஆனால், இத்துடன் பேச்சு முடிந்துவிடவில்லை. "கொல்லவே அனுமதியுள்ள பிராணி பட்டினி கிடந்தால் என்ன?" என்று சிலர் வாதிடக்கூடும். இது பெரும் பிழை. தீங்கை அகற்றுவதற்கான அனுமதி வேறு, வதைப்பதற்கான அனுமதி வேறு. எல்லாவற்றிலும் நன்முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரு நொடியில் முடியும் மரணத்திலேயே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், மாதக்கணக்கில் நீளும் பட்டினியைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? தவறாக அடைத்தவன், அடைத்த தவறைக் காட்டி உணவளிக்கும் கடமையிலிருந்து தப்ப முடியாது.

அடைத்தவளின் குற்றம்

ஒரு பெண் பூனை ஒன்றை அடைத்து வைத்து, அது செத்ததன் காரணமாக வேதனைக்கு ஆளானாள் என்ற ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற ஹதீஸ் அது. அதில் ஒரு நுட்பம் உண்டு. அவள் உண்ணவும் பருகவும் கொடுக்கவில்லை என்பதோடு நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தவில்லை. பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்றுகொள்ள அதை அவள் விட்டுவிடவுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இங்கே இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, நாம் கொடுக்கும் உணவு. மற்றொன்று, அல்லாஹ் பூமியில் பரப்பி வைத்திருக்கும் உணவு. இரண்டாவது வழியை அடைத்தவன் முதல் வழிக்கு முழுப் பொறுப்பாளியாகிறான். "எல்லா உயிருக்கும் ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ் அல்லவா?" என்று கேட்கலாம். உண்மைதான். அந்தப் பாம்பின் ரிஜ்க்கை அவன் ஆப்பிரிக்கப் புல்வெளியின் எலி வளைகளில் வைத்திருந்தான். நாமோ அதற்கும் அந்த வளைக்கும் நடுவே கண்ணாடியை வைத்துவிட்டோம்.

ஆகவே, இரையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டதாலேயே கடமை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. உண்ணக்கூடிய நிலையில் அதை வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஏன் உண்ணவில்லை?

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் வடித்தது. அதைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, அதன் உரிமையாளரான இளைஞரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. ஒட்டகத்தின் முறையீட்டை அறியும் முஃஜிஸா நமக்கில்லை. நமக்குள்ளவை கண்ணும் அறிவுமே. அறியாததை அறிந்தோரிடம் கேளுங்கள் என்ற திருமறையின் கட்டளையும் நமக்கு உண்டு.

அறிந்தோரிடம் நாமும் விசாரித்தோம். மேலைநாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது 'பால் பைத்தான்' எனும் இனம். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாவது. அஞ்சினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர். உணவை மறுப்பதில் இது பேர் பெற்றது. நல்ல உடல்நிலையிலுள்ள பெரிய பாம்பு சில மாதங்கள்கூட உண்ணாமலிருந்து பிறகு தானாகவே உண்ணத் தொடங்கும். குட்டிக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை.

காரணங்கள் பல. பாம்பின் உடலுக்குச் சுயமாகச் சூடு இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் சூடும், மறுபக்கம் 26 டிகிரி அளவில் குளிர்ச்சியும் வேண்டும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது. அதனால் அது தின்பதுமில்லை. ஒளிந்துகொள்ள இருட்டான பொந்து இல்லையென்றால் அச்சத்தில் உண்ணாது. தோல் உரிக்கும் நாட்களில் கண் வெளிறிப்போய் இரையைத் திரும்பியும் பாராது. புது இடம், ஓயாமல் கையிலெடுத்து விளையாடுவது, இனப்பெருக்கக் காலம் ஆகியவையும் காரணமாகலாம். வாய்ப்புண்ணும் மூச்சு நோயும் உண்ணிகளும்கூடக் காரணமாகலாம்.

இவற்றில் எத்தனை, அடைத்தவன் செய்த குறைகள் என்று பாருங்கள்! அந்தப் பிள்ளை தோழர்களுக்குக் காட்டுவதற்காக நாள்தோறும் அதைக் கையிலெடுத்ததாகக் கடிதத்திலேயே இருந்தது. பாம்பின் பசியை மகனின் பெருமை அடைத்துவிட்டிருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

சூட்டையும் மறைவிடத்தையும் சரிசெய்து, தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டு, சில நாட்கள் அதைத் தொடாமல் விட வேண்டும். வாரந்தோறும் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். எடை குறையாவிட்டால் பொறுக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, நோயின் அடையாளம் தெரிந்தாலோ, பாம்புகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும்.

வாயைப் பிளந்து திணிக்கக் கூடாது. நோயாளிகளை உண்ணும்படி வற்புறுத்த வேண்டாம் என்ற அறிவுரை திர்மிதீயில் வந்துள்ளது. அது மனிதர்களைப் பற்றியது என்றாலும் அதிலுள்ள கருணை எல்லா உயிர்களுக்கும் பொருந்தும். மருத்துவர் அவசியமென்று கண்டு செய்வது வேறு.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டு வேடிக்கை பார்ப்பதும் கூடாது. தப்ப வழியில்லாத எலிக்கு அது வதை. பசியற்ற பாம்பையும் எலி கடித்துக் குதறிவிடும். எலிக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். வேதனையின்றிக் கொன்று உறையவைத்த இரையை இளஞ்சூடாக்கிக் கொடுக்கும் முறை இருக்கிறது.

இத்தனைக்கும் நேரமில்லை, பணமில்லை என்றால்? உண்ணத்தகாத பிராணிக்குத் தீனி கொடுக்காதவனை, தீனி கொடு அல்லது விற்றுவிடு என்று கட்டாயப்படுத்த வேண்டும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ள சட்டம். தகுதியுள்ளவரிடம் ஒப்படைத்துவிடுவதே இங்கு வழி. வாப்பா சொன்னபடி எங்காவது விட்டுவிடுவது தீர்வாகாது. அந்நிய மண்ணில் அது குளிரில் மடியலாம். அல்லது, ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் மனிதர் விட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள காட்டுயிர்களை அழித்துவருவதுபோல் ஆகலாம்.

அன்பர்களே, இந்தக் கடிதத்தைப் படித்தபோது வேறொன்றும் நம் நெஞ்சில் பட்டது. நம் வீடுகளில் படுக்கையோடு முடங்கிய வாப்பாவோ உம்மாவோ இருக்கிறார்கள். "சோறு வைத்தாகிவிட்டது, அவர்கள்தாம் சாப்பிடவில்லை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாய்ப்புண்ணா, பல் வலியா, மனவருத்தமா என்று எத்தனை பேர் அருகில் உட்கார்ந்து கேட்கிறோம்? பாம்புக்கே அந்த விசாரணை கடமையென்றால் பெற்றோருக்கு எத்தகையது!

அந்தச் சகோதரருக்கு நாம் எழுதியது இதுதான்: இயன்றதனைத்தையும் செய்த பின்னும் அது இறந்தால் அல்லாஹ் உங்களைக் குற்றம் பிடிக்கமாட்டான். எவரையும் அவரது சக்திக்கு மீறி அவன் சோதிப்பதில்லை. ஆனால், இயன்றதைச் செய்தோமா என்பதை இரை வைத்த கையிடம் கேட்காதீர்கள். பூட்டிய கையிடம் கேளுங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் உணர்ந்து நடக்க அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.