குழந்தையும் வாக்குரிமையும்

தேர்தல் நாளன்று பன்வில போன்ற தோட்டப் பகுதிகளில் வாக்களிக்கச் செல்லும் தாய்மாருடன் சிறுவரும் செல்வதுண்டு. வாக்கு இரகசியமானது, விளையாட்டுப் பருவத்தினருக்கு அரசியல் எதற்கு என வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயினும், மலையகத்தின் வரலாறு நோக்கற்பாலது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இம்மக்களுட் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் வாக்குரிமை இழந்தனர். நாடற்றோராய் எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெற்றோர் வாக்களிப்பதைக் காணாமலே வளர்ந்த தலைமுறைகள் இங்குண்டு. ஆதலின், தாயுடன் வரிசையில் நிற்கும் குழந்தை, துரைக்கும் தொழிலாளிக்கும் வாக்கு ஒன்றே என்பதைக் கண்ணாற் காண்கிறது. இக்கல்வியைப் பாடநூல் மாத்திரம் தந்துவிடாது.

எனினும், இதற்கோர் எல்லை உண்டு. புள்ளடி எச்சின்னத்துக்கு இடப்பட்டது என்பதைக் குழந்தைக்கு உரைத்தல் தகாது. அது குடிமை உணர்வைப் புகட்டாது. கட்சிப் பற்றையே புகட்டும். நாளை அக்குழந்தை தானே சிந்தித்து இடவேண்டிய புள்ளடியை இன்றே நாம் இட்டுவிடுவதாகவும் முடியும். இழந்து மீட்ட உரிமையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது பெற்றோர் கடன். தெரிவு பிள்ளைகளுக்கே உரியது.