மறைப்பும் அருளே

சைவ சித்தாந்த வகுப்பில் ஐந்தொழிலைப் படிக்கும்போது படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகிய நான்கும் எளிதில் மனத்தில் இறங்கிவிடும். மறைத்தலில்தான் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். உயிர்மேல் இறைவனுக்கு அன்பிருந்தால் அவன் ஏன் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும்? அந்த மறைப்புக்குத் திரோதானம் என்று பெயர் வைத்து, அதையும் அருளின் கணக்கில் சேர்ப்பது எப்படிப் பொருந்தும்? நான் நெஞ்சக நோய் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்விக்கு எனக்கு வழி காட்டியது நோயாளிகளின் மூச்சு.

இதயத்தை உடலிலிருந்து எடுத்து வெளியே வைத்தாலும் சிறிது நேரம் தானே துடிக்கும். நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து ஆணை புறப்பட்டு, கழுத்துத் தண்டுவடத்தில் கிளம்பும் நரம்பு வழியே உதரவிதானத்துக்கு வந்து சேர வேண்டும். அது கீழே இறங்கி நெஞ்சுக்கூடு அகன்றால்தான் காற்று உள்ளே வரும். அந்தக் காற்று போகும் மூச்சுக்குழல் இரண்டாகி, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, சுமார் 23 முறை பிரிந்து, 30 கோடி அளவிலான நுண்ணறைகளில் போய் முடிகிறது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. யோக மரபு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்குச் சொல்லும். அதாவது நிமிடத்துக்கு 15. வார்டில் இயல்பென்று நாங்கள் சார்ட்டில் குறிப்பதும் 12 முதல் 20 வரைதான். இத்தனையும் நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை.

நம் விருப்பத்துக்கும் இதில் இடம் உண்டு. மூச்சை நீட்டிப் பாடலாம், நிறுத்தி நீரில் மூழ்கலாம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். ஆனால் அடக்கிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். முகுளம் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். நம் சுதந்திரம் உண்மையானது. அதைத் தாங்கி நிற்பதோ நம் அனுமதியைக் கேட்பதில்லை.

மறைந்து நடக்கும் இந்தக் காரியம் வெளியே தெரிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பெரியவரிடம் பார்த்தேன். நெடுங்காலம் பீடி குடித்தவர். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியிருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தபடியே பகலும் இரவும் இருப்பார். விழுங்கும் நேரம் மூச்சு நின்றாக வேண்டும். அந்த நேரத்தைக்கூட அவரால் கொடுக்க முடியாததால் அரை இட்லிக்கே களைத்துப்போவார். பேத்தி வந்தால் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கும். நலமுள்ள உடலில் சுவாசத் தசைகள் செலவழிக்கும் பிராணவாயு மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். இவரைப் போன்றவர்களுக்கு அது பல மடங்கு. ஒருநாள் சொன்னார்: “சாமி முன்னால நின்னாலும் எனக்கு மூச்சு நெனப்புதான் சிஸ்டர்.”

அந்தச் சொல்லில்தான் திரோதானம் எனக்கு விளங்கியது. தன்னைத் தாங்குவதை ஒவ்வொரு நொடியும் கண்டுகொண்டிருக்கும் உயிருக்கு வேறெதற்கும் இடம் இல்லை. ஆசைப்பட, பழக, தவறிப்போய்த் திருந்த, பக்குவப்பட ஓர் இடம் வேண்டும். தாங்குபவன் மறைந்து நிற்பதால்தான் அந்த இடம் நமக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் அந்தப் பெரியவருக்கு மட்டும் ஏன் மறைப்பு விலகியது? வினை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூன்று வாரங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், ஒரு 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்திக் காட்டினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். முகுளத்தின் ஆணை எட்டாத உடல்களுக்கு அவர்களுடைய கைகளே மூச்சாயின. இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய ஐ.சி.யு.க்களின் தொடக்கம் அங்கேதான்.

வென்டிலேட்டர் கிடைக்கும்வரை நானும் அம்பு பேக் அழுத்தியிருக்கிறேன். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, அவசரப்படாமல், சீராக அழுத்த வேண்டும். நோயாளி என்னை மறந்து கண்ணயர்ந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள்.

தொண்டு என்று நான் நம்புவது இதைத்தான். ஒருவருடைய மூச்சு அவருக்கே பாரமாகிவிட்டால், அவர் அதை மறந்து பேத்தியோடு பேசவும் சாமியை நினைக்கவும் நாம் இடம் உண்டாக்க வேண்டும். செய்தவர் யாரென்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இறைவனே மறைந்து நின்று அருளும்போது, நம் உதவிக்கு மட்டும் முகம் எதற்கு?