செய்வித்ததும் நம் வினையே

மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையில், 9, 10ஆம் நூற்றாண்டுத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. உளி பிடித்தவர் சிற்பி; அறம் செய்வித்தவருடையது.

2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, நாம் காணாத செய்திக்கும் நம் பெயரால் தானே விடையளிக்கும். கடை திறக்கும் நேரத்தை அறிவிக்க அது தகும். க்ஷமாவணி நாளில் மன்னிப்பு வேண்டுவோர்க்கும் அதனையே ஏவுதல் தகுமோ? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்பது நம் நெறி. நெஞ்சறியாது "மன்னித்தோம்" எனக் கருவி உரைப்பின், அப்பொய் நம்மையே சாரும். ஆதலின் செய்தியைக் கருவி சுமக்கட்டும். மன்னிப்பை நாமே மொழிவோம்.