நினைவு நீங்கிய பின்

'அறளை பெயர்தல்' என்னும் வழக்கை யாழ்ப்பாணத்தார் முதியோர்க்கே உரியதாகக் கொள்வர். நடுவயதினரிடம் அதே தளர்ச்சி தோன்றுமிடத்து அதற்கு வழக்கில் ஒரு பெயரில்லை. ஆதலின் அது பொறுப்பின்மை என்றும் குணக்கேடு என்றும் கொள்ளப்படுகின்றது, நோயாளர் குற்றவாளியாகிறார்.

இந்நோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமானதோ நடுவயதினர் ஒருவர் மூலமே. 1901இல் ஜேர்மனியின் பிராங்போட் மனநோய் மருத்துவமனையில் அல்ஸைமர் ஆராய்ந்த அவுகுஸ்ரே டேற்றருக்கு அப்போது வயது 51. கணவர்மீது கொண்ட காரணமற்ற ஐயமே அவரிடம் முதலிற் புலப்பட்ட குறி. பின்னர்த் தம் பெயரையும் எழுதி முடிக்க இயலாத நிலையில், தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகக் கூறினார்.

முற்செயல்களைத் தன்னுடையனவாக உணரும் நினைவுணர்வே ஒருவரை அவராக நிலைநிறுத்துகின்றது என்பது 17ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஜோன் லொக்கின் கொள்கை. குற்றப்பொறுப்பை வரையறுக்க அது உதவலாம். நோயாளியின் படுக்கையருகே தடுமாறுகின்றது. தம்மைத் தொலைத்ததாக வருந்தியவர் எவர்? இழப்பை உணர ஒருவர் எஞ்சியிருந்தாரன்றோ! 1906இல் இறக்குமுன் அச்சொற்களும் ஓய்ந்தன என்பது உண்மையே. ஆயினும் சொல் ஓய்ந்த உடலுக்கும் அச்சமுண்டு. கனிந்த குரலால் அது தணிதலுமுண்டு.

அங்ஙனமாயின் அவர்க்குரிய கடமைகளும் எஞ்சுகின்றன. அறுபத்தைந்து வயதுக்கு முன் இந்நோய்க்கு ஆளாவோருட் பலர் குடும்பத்துக்கு உழைப்பவர்கள். தொழிலில் திடீரெனப் பிழைவிடத் தொடங்கும் ஒருவரைத் தண்டிக்குமுன் மருத்துவரிடம் அனுப்புதல் அக்கடமைகளுள் முதலாவது. இயன்ற பணியை அவரிடமே விட்டுவைத்தலும், அவர் வாழ்வு பற்றிய முடிவுகளை அவரைக் கேட்டே எடுத்தலும் அடுத்தவை.