நாகதாளியும் கேந்தியும்

ஓர் உயிர் எப்போது ஓர் ஊருக்குச் சொந்தமாகிறது என்னும் கேள்வியை மனிதரை முன்வைத்துக் கேட்டால் பேச்சு விரைவில் வழக்காகிவிடுகிறது. செடியை முன்வைத்துக் கேட்டால், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சற்றுப் பொறுமை வாய்க்கிறது. அவ்வாறு கேட்பதற்கு ஏற்ற செடி ஒன்று நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசலில் வளர்கிறது. சப்பாத்திக்கள்ளி என்றும், படமெடுத்த பாம்பின் தலையை ஒத்த தட்டையான உடலால் நாகதாளி என்றும் வழங்கும் அச்செடியின் தாயகம் கரீபியத் தீவுகளும், மெக்சிகோ, புளோரிடா ஆகியவற்றின் வறண்ட கடலோரமும் ஆகும். தாவரவியலில் அதன் பெயர் ஒப்பன்ஷியா டில்லேனி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஜெர்மானியத் தாவரவியலார் யோகான் யாக்கோப் டில்லேனியஸின் நினைவாக அப்பெயர் அமைந்தது. அதன் இளமுள் பொன்மஞ்சளாக இருக்கும் என்பதும், முதிர முதிரப் பழுப்பேறும் என்பதும் அதை இனம் காட்டும் அடையாளங்கள்.

அந்தக் கிழக்கு வாசலில் உள்ள தோவாளை, இரண்டு நிலங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அமைந்த ஊர். அதற்கு மேற்கேயுள்ள நாஞ்சில் நாட்டு வயல்கள் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நனைகின்றன. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்துவிட்டால், மேகத்தின் நீரை மலை வாங்கிக்கொண்டு வெறுங்காற்றை மட்டும் அனுப்பி வைக்கும் மழைமறைவு நிலம் தொடங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வது அந்தக் காற்றை நம்பித்தான். உடைமரமும் பனையும் நிற்கும் அந்த நிலமும், பூவுக்குப் பெயர்பெற்ற தோவாளையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் இருப்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் இக்கட்டுரை எழுப்பும் கேள்விக்கு முள்ளும் வேண்டும், பூவும் வேண்டும்.

நாகதாளியை அருகில் நின்று பார்ப்பவருக்கு, அதில் இலை என்று எண்ணத் தோன்றுவது உண்மையில் தண்டு என்பதை முதலில் சொல்லவேண்டும். உள்ளங்கையைப் போல் விரிந்த அந்தப் பசுந்தண்டு மட்டை எனப்படும்; நீரைச் சேர்த்து வைப்பதும், சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்குவதும் அதன் வேலைகள். உண்மையான இலை, மட்டை குருத்தாக இருக்கும்போது நெல்மணியளவே தோன்றிச் சில நாள்களில் உதிர்ந்துவிடுகிறது. மட்டையின் மேல் ஒழுங்கான இடைவெளியில் சிறு பொத்தான் போன்ற மேடுகள் இருக்கின்றன; முள், பூ, புது மட்டை ஆகிய எல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன என்பதால் அவற்றை முள்மெத்தை எனலாம். அங்கிருந்து எழும் பொன்முட்கள் சற்றுத் தட்டையாகவும் வளைந்தும் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரிவதால் அவற்றிடமிருந்து தப்பிக்க வழி உண்டு. அவற்றின் அடியில் மஞ்சள் தூசிபோல் அடர்ந்திருக்கும் நுண்முட்களே பொல்லாதவை. ஒவ்வொன்றிலும் தூண்டில் நுனியைப் போன்ற எதிர்க்கொக்கிகள் இருப்பதால், தோலில் நுழைந்தது எளிதில் திரும்பி வராது. ஊதாச் சிவப்பான அதன் பழத்தைத் தின்று உதடு சிவந்த பிள்ளைகள், முதலில் பழத்தைத் தரையிலோ கல்லிலோ தேய்த்து இந்த நுண்முட்களைப் போக்கிவிட்டே வாயில் வைப்பார்கள்.

அதன் வாழ்முறையில் மிகவும் வியக்கத்தக்கது, பகலில் மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கமாகும். பெரும்பாலான செடிகள் பகலில் தம் தோல்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. நாகதாளி அந்தச் செலவைத் தாங்காத நிலத்தில் உருவானதால், துளைகளைப் பகலில் மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து, அப்போது வாங்கிய வாயுவை ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்து, விடிந்தபின் வெளிச்சம் கிடைக்கும்போது அதை எடுத்து உணவாக்குகிறது. இதே பழக்கம் உள்ள வேறொரு செடியில் இதன் அறிகுறியை முதலில் குறித்தவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர். ரணகள்ளியின் இலையை மென்று பார்த்து, காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சப்பென்றும் இருப்பதை அவர் லண்டன் லின்னேயன் கழகத்துக்கு எழுத, அக்குறிப்பு 1815-இல் அச்சாயிற்று. கருவி எதுவும் இல்லாமல் நாவையே அளவுகோலாக வைத்து ஒரு செடியின் இரவு வாழ்க்கையை ஒருவர் தொட்டறிந்தார் என்பது, எளிதில் மறந்துவிடக்கூடாத செய்தி.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வரும் கள்ளியும், இன்று வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியனவும் பால் வடிக்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. நாகதாளியில் பால் இல்லை. அது சேர்ந்த கேக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரக்கிளைகளில் தொங்கி வளரும் ஒரே ஓர் இனம் அதற்கு விலக்கு. ஆயினும் கடல் கடந்து வந்த புதிய செடியைக் கண்ட தமிழர், அதற்குப் புதுப்பெயர் தேடி அலையாமல், ஏற்கெனவே இருந்த கள்ளிக் கூட்டத்தில் ஒரு கிளையாக அதைச் சேர்த்துவிட்டனர். பெயர் வைத்தவர்கள் அதை ஊர்ச்செடியாக ஏற்றுக்கொண்டார்கள் என்றே கொள்ளவேண்டும். பிணக்கு பின்னால் வந்தது.

பிணக்கின் கதை சாயத்தில் தொடங்குகிறது. கள்ளியில் வாழும் கோச்சினீல் என்னும் செதிற்பூச்சியின் உடலிலிருந்து கிடைத்த செஞ்சாயம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெருவிலை பெற்றது. அதன் வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அந்த வணிகத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர விரும்பிய சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்ததோ உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று, அதன் காட்டு உறவு. சாயம் மட்டமாக இருந்தது. ஆனால் அப்பூச்சி, முள் குறைந்த வேறொரு சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தின்றே தீர்த்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-க்கும் 1838-க்கும் இடையே அதைத் தென்னிந்தியாவுக்கு எடுத்துவந்து, மண்டிக் கிடந்த அந்தக் கள்ளியின் மேல் விட்டார்கள். ஒரு களையை ஒடுக்க மனிதர் வேண்டுமென்றே பூச்சியைப் பயன்படுத்தியதில் உலகில் முதல் வெற்றி இதுவே என்று பூச்சியியல் வரலாறு குறிக்கிறது.

பொன்முள் நாகதாளியை அந்தப் பூச்சி தொடவில்லை. போட்டியாக நின்ற கள்ளி அழிந்த இடங்களிலும் நாகதாளி பரவியது. ஒடிந்து விழுந்த மட்டை ஒவ்வொன்றும் வேர்விட்டது; பழத்தைத் தின்ற பறவை ஒவ்வொன்றும் விதையைச் சுமந்தது. மேய்ச்சல் நிலம் முள்ளாயிற்று, வரப்பு மறைந்தது, புதர் பாம்புக்கும் எலிக்கும் வீடாயிற்று. ஆஸ்திரேலியாவில் வேறு சப்பாத்திக்கள்ளி இனங்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேரில் பரவியிருந்த காலமும் அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து 1924-இல் இலங்கைக்குச் சென்ற மற்றொரு செதிற்பூச்சி இனத்தை 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியின் பிடியிலிருந்து மீண்டது. எஞ்சியவை பெரும்பாலும் வேலியோரத்துச் செடிகளே.

இனி தோவாளைப் பூச்சந்தைக்கு வரலாம். விடியுமுன்னே மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கி, கேரளத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் பிரிந்து செல்லும் அந்தச் சந்தையில், பிச்சியும் மல்லியும் அரளியும் இந்த மண்ணோடு நெடுங்காலப் பழக்கம் உடையவை. ஆனால் ஓணக்காலத்தில் குன்றுபோல் குவியும் கேந்தி, மெக்சிகோவிலிருந்தும் அதை ஒட்டிய நாடுகளிலிருந்தும் வந்த செடி. சம்பங்கியின் தாயகமும் மெக்சிகோவே. வாடாமல்லி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. நாகதாளி புறப்பட்ட அதே திசையிலிருந்து, ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில், அதே கடல்வழியில் வந்தவை இவை. இன்று இவை இறைவன் தோளில் ஏறுகின்றன, மணப்பந்தலில் தொங்குகின்றன, இறந்தவரோடு சுடுகாடு வரை செல்கின்றன. ஒருவரும் இவற்றை வந்தேறி என்று சொல்வதில்லை. இதே வட்டாரத்தில் அன்றாட உணவாகிவிட்ட மரச்சீனியும் பிரேசிலின் கிழங்கே என்பதை அதை உண்பவர் நினைப்பதும் இல்லை.

அப்படியானால் வந்த திசையும் வந்த காலமும் சொந்தத்தைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. வேறு எது தீர்மானித்தது? கேந்தியை நாற்றுவிட்டு நடவேண்டும், நீர் பாய்ச்சவேண்டும், பருவந்தோறும் மறுபடி நடவேண்டும். சம்பங்கிக் கிழங்கைப் பேணவேண்டும். மரச்சீனிக் கம்பை வெட்டி ஊன்றவேண்டும். இவை மனிதரின் கையை எதிர்பார்த்து நிற்கின்றன. நாகதாளி எவரையும் எதிர்பார்க்கவில்லை. தம்மை நம்பி நிற்பவரைத் தம்மவர் என்று அணைப்பதும், தம் தயவு இல்லாமலே வாழத் தெரிந்தவரை அயலார் என்று ஒதுக்குவதும் மனித மனத்தின் மிகப் பழைய வழக்கம். வேலைக்கு வந்தவர் குனிந்து நிற்கும்வரை நல்லவராகவும், சொந்தமாகக் கடை வைத்த நாளிலிருந்து வெளியூர்க்காரராகவும் பேசப்படுவதை எந்த ஊரிலும் காணலாம். இந்த அணைப்பில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதி, ஆளும் விருப்பம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் சொந்தத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இதைச் சொல்லிவிட்டு நாகதாளியைக் குற்றமற்றதாக ஆக்கிவிடவும் முடியாது. மேய்ச்சல் நிலத்தை இழந்தவரின் துயரம் உண்மையானது. அதன் காரணம், வந்த இடத்தில் அந்தச் செடிக்குக் கொடுப்பவர் பலர் இருந்தும், அதனிடமிருந்து கொள்பவர் போதிய அளவில் இல்லை என்பதே. மண் இடம் கொடுத்தது, பறவை விதையைச் சுமந்தது; தாயகத்தில் அதைத் தின்று அளவில் நிறுத்திய பூச்சிகள் மட்டும் உடன் வரவில்லை. தமிழர் உறவுமுறையில் கொள்வினை கொடுப்பினை என்று ஒரு தொடர் உண்டு. பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் இரு குடும்பங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் உறவை அது குறிக்கும். நாகதாளிக்கு 1926-இல் கிடைத்தது அத்தகைய ஓர் உறவு. தின்னப்படத் தொடங்கிய பிறகே அது ஊரில் ஒரு செடியாயிற்று; அதற்கு முன் அது ஊரை மூடிய போர்வையாக இருந்தது. தனக்கு ஊறு விளைவிக்கக்கூடிய ஒன்றோடு சேர்ந்து வாழ்வது குறை என்று தோன்றலாம். அந்த ஊறே அளவைத் தருகிறது. அளவே அண்டை வீட்டாரின் பொறுமையைத் தருகிறது.

மனிதரைக் களையோடு ஒப்பிடுவது எந்த வகையிலும் தகாது. களையை ஒழிக்கும் மொழி மனிதர்மேல் பாய்ந்த இடங்களில் நேர்ந்த கொடுமைகளை இருபதாம் நூற்றாண்டு போதுமான அளவு கண்டுவிட்டது. கொண்டும் கொடுத்தும் வாழ இடம் திறந்திருக்கிறதா என்பதே மனிதருக்குப் பொருந்தும் கேள்வி. வந்தவரிடம் அதைக் கேட்பவர், இருந்தவரிடமும் கேட்கவேண்டும். மேலும், இருந்தவர் என்னும் நிலையே உறுதியானதன்று. தோவாளைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. வீட்டைவிட்டு ஓரடி நகராமலே ஒரு தலைமுறை இன்னொரு மாநிலத்தார் ஆயிற்று. மாணிக்கக் கல் பதித்தாற்போல் தட்டையாகக் கட்டப்படும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் ஓர் ஊருக்கே உரியது என்று சட்டம் அளிக்கும் சான்று, கிடைத்தது. அந்தச் சான்று மாலை கட்டும் விரல்களின் பழக்கத்துக்கு உரியது. பூவின் பிறப்பிடத்தை அது கேட்பதில்லை. சொந்தத்தைப் பற்றிய மிகச் சரியான தீர்ப்பு அதில் இருக்கிறது.

கணவாய்க்குக் கிழக்கே வேலியைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாகதாளி மட்டையில் வெண்பஞ்சு ஒட்டியது போன்ற திட்டுகள் தென்பட்டால், அவற்றை நோய் என்று எண்ணி மட்டையோடு தீயில் இடவேண்டாம். ஒரு குச்சியால் அந்தப் பஞ்சை நசுக்கினால் செந்நீர் கசியும். அதற்குள் இருப்பது செதிற்பூச்சி. அதன் குஞ்சுகளைக் காற்று ஏற்றிக்கொண்டு போய் அடுத்த கள்ளியில் சேர்க்கும். பொன்முள் செடியை அளவில் நிறுத்திவைப்பது அந்தப் பூச்சிதான் என்பதால், பஞ்சு படிந்த மட்டைகள் இரண்டையேனும் வேலியில் விட்டுவையுங்கள்.